ஸ்டியரிங்கில் இரண்டு விரற்கடை

1

இந்த வாரத்தோடு நான் கனடாவுக்கு வந்து பதினோரு ஆண்டுகள். நாள் கணக்கில் நாலாயிரத்துப் பதினெட்டு. இடையில் இரண்டு முறை குன்னூருக்கு வந்து போன நூற்று நாற்பத்தாறு நாளைக் கழித்துக்கொள்ள வேண்டும். நான் இப்படி எண்ணுவதை என் மகள் மலர் கேலி செய்வாள். ஆனால் இந்த நாட்டு அரசாங்கமும் எண்ணத்தான் செய்கிறது. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் படிவத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்தத் தேதியில் நாட்டுக்கு வெளியே இருந்தாய் என்று கேட்டுக் கட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டங்களை நிரப்பும் ஒரு நாள் மட்டும் இந்த வீட்டில் என் பழக்கத்துக்கு மரியாதை உண்டு.

ஆண்டு நிறைவைப் பற்றி எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒரு வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். ஆறு வாரமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருப்பது அதுதான்.

மலர் கால்நடை மருத்துவர். ஊரில் படித்த படிப்பை இங்கே ஒப்புக்கொள்ளாமல் மறுபடி நான்கு தேர்வு எழுத வைத்தார்கள், எழுதினாள். மாடும் குதிரையும் பார்க்கிறாள். மருமகன் வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலை, மாதத்தில் இரண்டு முறைதான் வருவார். பேத்தி வான்கூவரில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் ‘அப்பிச்சி’ என்பாள், அதற்கு அடுத்த சொல் முதற்கொண்டு எல்லாம் ஆங்கிலம். போன மாதம் எங்கள் பேச்சு மூன்று நிமிடம் பத்து நொடி. ஆக, வீட்டில் பெரும்பாலும் நானும் மலரும்.

அவளுடைய வண்டி ஒரு பிக்கப். பிக்கப் என்றதும் ஊட்டி மார்க்கெட்டுக்குக் கேரட் ஏற்றி வருகிற சின்ன வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பாரவண்டி இனம். ஏறுவதற்கு ஒரு படி, அதற்கு மேல் ஒரு கைப்பிடி. பின்னால் மருந்தும் கருவியும் வைக்கும் பெரிய பெட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள். இருபத்தாறு இழுப்பறை, தண்ணீர்த் தொட்டி ஒன்று. அந்தப் பாரம் எப்போதும் வண்டியின் முதுகில் இருக்கும். வியாழக்கிழமைதோறும் மலர் இந்த வண்டியில் கணவாயைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைகளுக்குப் போவாள். ஒரு வழி நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். நடுவில் இருபத்து மூன்று கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றும் இல்லை. நவம்பரில் அங்கே பனி விழ ஆரம்பித்தால் ஏப்ரல் வரை நிற்காது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். நேரான சாலை. அப்போதுதான் அவள் கைகளைக் கவனித்தேன். சாலை நேராகத்தான் போகிறது, கைகள் சும்மா இல்லை. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம், மறுபடி இடது. வண்டி தானாக ஒரு பக்கம் நழுவுகிறது, அவள் இழுத்துப் பிடிக்கிறாள், அது மறு பக்கம் நழுவுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு நாற்பத்தொரு தடவை.

“மலர், ஸ்டியரிங் ஆடுதா?”

“பெரிய வண்டி அப்படித்தாம்ப்பா இருக்கும். நீங்க வெளிய பாருங்க, மான் நிக்குது.”

“மானை எண்ணியாச்சு. அஞ்சு.”

சவாரியும் கட்டைவண்டிச் சவாரிதான். பாலங்களில் சிமெண்ட் பலகைகள் சேரும் இடம் ஒவ்வொன்றிலும் என் பல் செட்டு ஒரு தரம் தட்டும், பின்னால் மருந்துப் புட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு தரம் பதில் சொல்லும். டயரில் காற்றுக் குறைவோ என்று பார்த்தேன். இல்லை. காற்று என் பொறுப்பு. டயரின் பக்கவாட்டில் 80 என்று அச்சடித்திருக்கிறது. நான்கு சக்கரத்திலும் எண்பது வைத்திருக்கிறேன். ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

2

பத்து நாள் நச்சரித்த பிறகு மலர் பட்டறைக்கு நேரம் வாங்கினாள். பட்டறை என்று நான் சொல்கிறேன். அங்கே காபி இயந்திரமும் சோபாவும் இருக்கின்றன. முகப்பில் ஒரு பெண் கணினியில் படிவத்தைத் திறந்துவைத்திருந்தாள். முதல் கட்டத்தின் தலைப்பு, ‘வாடிக்கையாளர் சொல்வது’.

அந்த நேரம் பார்த்து மலருக்குப் போன். ஏதோ ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நிற்கிறது. அவள் கையால் என்னிடம் ‘நீங்க சொல்லுங்க’ என்று காட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு இது பழக்கமான வேலை. முப்பத்தொரு ஆண்டு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன். அதில் பதினெட்டு ஆண்டு வண்டிப் பிரிவு: டீசல் கணக்கு, பயணக் கணக்கு, டிரைவர்களின் புகார்ப் புத்தகம். எஸ் எஸ் எல் சி-யில் ஆங்கிலத்தில் எழுபத்திரண்டு மதிப்பெண். ஆகவே நிமிர்ந்து நின்று யோசித்தேன். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது. ஆட்டத்துக்கு ஆங்கிலம் என்ன?

“ஷேக்கிங்,” என்றேன். “தி ஸ்டியரிங் இஸ் ஷேக்கிங்.”

அவள் அப்படியே தட்டச்சு செய்தாள். கீழே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் வண்டி வந்தது. நான்கு சக்கரத்தையும் சமன் செய்து, நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றி, ஸ்டியரிங் அதிராமல் இருக்க முன்னால் குறுக்கே ஒரு டாம்பரும் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஸ்டியரிங் கையில் கெட்டியாக இருந்தது. மலருக்குச் சந்தோஷம்.

“பாத்தீங்களா? புது வண்டி மாதிரி இருக்கு. இனி நிம்மதியா டீ குடிங்க.”

அவளோடு ஒரு சுற்றுப் போய் எண்ணினேன். முப்பத்தெட்டு. அடுத்த வாரம் மறுபடி எண்ணினேன். நாற்பது. சொன்னால், “அப்பா, நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க” என்றாள். என் வாழ்க்கையில் இதைவிட மோசமான சொல்லை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

3

என் எஸ்டேட் குன்னூரிலிருந்து பதினேழு கிலோமீட்டர். வாரம் இரண்டு முறை தேயிலைப் பெட்டிகள் லாரியில் மேட்டுப்பாளையம் இறங்கும். லாரி ஓட்டியவர் காதர் பாய். அவருடைய தகப்பனார் சமவெளியிலிருந்து வந்து குன்னூர் பஜாரில் கயிறும் சாக்கும் விற்றவர். மகனுக்குக் கடை பிடிக்கவில்லை, வண்டி பிடித்தது. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான்காம் வகுப்பு. பெட்ரோமாக்ஸ் விளக்குபோல் ஒரு சிரிப்பு, கொஞ்சம் பம்ப் அடித்தால் போதும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

“ஏனுங்க ரைட்டர் சார், புஸ்தகத்தை எடுங்க. ஸ்டியரிங்ல ப்ளே ஜாஸ்தியாயிருச்சுங்க. ரெண்டு வெரக்கடை இருக்குது. நான் திருப்புறது ஒரு நேரம், சக்கரம் கேக்கறது ஒரு நேரம்.”

“ப்ளேயா? ப்ளேன்னா வெளையாட்டுங்க பாய்.”

“அது இஸ்கூல்லங்க. பட்டறையில ப்ளேன்னா ப்ளேதான்.”

“தமிழ்ல சொல்லுங்க, நான் சரியான இங்கிலீஷ்ல எழுதறேன்.”

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “அதாங்க… ஆட்டம்.”

ஆட்டம். நான் பேனாவைத் திறந்து, சாய்ந்த அழகான எழுத்தில் ‘ஸ்டியரிங் ஷேக்கிங்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதைப் படித்தும் காட்டினேன்.

“ஒரு நிமிசம் வெளிய வாங்களேன். கீழ படுத்துப் பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரிஞ்சுரும். அந்தப் பால் ஜாயின்ட்டு எப்படி லொடக்கு லொடக்குன்னு போகுதுன்னு.”

அன்று நான் வெள்ளை பேன்ட் போட்டிருந்தேன். மழை பெய்த தரை. “எழுதியாச்சு பாய். எழுத்துல வந்தாப் போதும்,” என்றேன்.

போகும்போது ஒரு புத்திமதியும் சொன்னேன். அதை எண்ணிப் பார்க்காத நாள் இப்போது இல்லை. “துரை முன்னாடி ப்ளே கீளேன்னு சொல்லி வெக்காதீங்க. சிரிப்பாரு. ஆட்டம்னே சொல்லுங்க, நான் மொழிபெயர்த்துக்கறேன்.”

“சரிங்க ரைட்டர் சார்,” என்று சிரித்துக்கொண்டே போனார். “படிச்சவங்க சொன்னாச் சரிதானுங்க.”

குன்னூர்ப் பட்டறையில் என் எழுத்தைப் படித்து, முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள். அதற்கு எதிரே நான் ‘சரிசெய்யப்பட்டது’ என்று முத்திரை போட்டேன். பதினோராம் நாள், பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில், காதர் பாய் திருப்பினார், சக்கரம் கேட்கவில்லை. கேட்டபோது நேரம் போய்விட்டது. பள்ளத்துப் பக்கம் போகாமல் வண்டியை மலையோடு மோதி நிறுத்தினார். அந்தப் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு; எண்ணிக்கைக்காரனான நான் அந்த ஒரு வளைவின் எண்ணை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

முதல் ஜீப்பில் ஓடிப்போனது நான்தான். போய், பெட்டிகளை எண்ணினேன். அறுபத்திரண்டில் ஒன்பது உடைந்திருந்தன. காதர் பாயின் வலது முழங்காலைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனது மூன்றாம் நாள்.

4

இங்கே நவம்பர் முதல் திங்கட்கிழமை. மலரோடு ரொட்டியும் பாலும் வாங்கக் கிளம்பியிருந்தேன். ஆற்றுப் பாலத்தின் மேல், தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில், பலகைகள் சேரும் இடத்தில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். வண்டி ஒரு பக்கமாகத் துள்ளியது. கம்பி வேலி என் ஜன்னலுக்கு மிக அருகே வந்துவிட்டுப் போனது. மலர் வேகத்தைக் குறைத்து, பாலம் முடிந்து ஓரமாக நிறுத்தினாள். கை இரண்டும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

“ரோடு சரியில்லப்பா,” என்றாள்.

“ரோட்டுல ஒண்ணும் இல்ல மலர்.”

“காத்து அடிச்சிருக்கும்.”

“காத்து அடிக்கல. அந்தக் கொடியைப் பாரு, தொங்குது.”

“அப்பா, ப்ளீஸ்.”

வீட்டுக்கு வந்ததும் நானே பட்டறைக்குப் போன் செய்தேன். அடுத்த நேரம் வெள்ளிக்கிழமைதான் என்றாள் முகப்புப் பெண். வியாழக்கிழமை கணவாய். வானிலை அறிக்கை புதன் இரவுக்குப் பனி என்கிறது. நான் விடவில்லை. தடுமாறிய ஆங்கிலத்தில் பாலத்தைச் சொன்னேன், கம்பி வேலியைச் சொன்னேன், என் மகள் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் போனை உள்ளே கொடுத்தாள். வால்ட் என்று ஒரு கிழவர், அங்கே மூத்த மெக்கானிக். அவர் கேட்ட முதல் கேள்வி:

“ஹௌ மச் ப்ளே?”

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். “சாரி?”

“ப்ளே. இன் த ஸ்டியரிங். ஹௌ மச் ப்ளே யு காட்?”

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்டியரிங்கைத் திருப்புகிறாய், சக்கரம் திரும்பவில்லை; அந்த இடைவெளிக்குப் பெயர் ப்ளே. எத்தனை காலமாகவோ அதுதான் பெயர். ஷேக்கிங் என்பது வேறு நோய், வேறு மருந்து. “நீங்கள் ஷேக்கிங் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் ஷேக்கிங்குக்கு உண்டானதைச் செய்தோம்.”

அவர் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. புத்தகத்தில் உள்ளதை வாசித்தார், அவ்வளவுதான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாசித்தேன்.

காதர் பாயின் விபத்து பற்றிய விசாரணை, எஸ்டேட் மேனேஜரான துரையின் ஆபீஸில் நடந்தது. துரை வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. காதர் பாயை நாற்காலியில் தூக்கி வந்திருந்தார்கள். வண்டியில் என்ன கோளாறு என்று முன்கூட்டியே சொன்னாயா என்று துரை கேட்டார், நான் தமிழில் கேட்டேன். காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம் அவர் உதடு ‘ப்’ என்று குவிந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு நான் சொல்லிக்கொடுத்ததையே சொன்னார். “ஆட்டம் இருக்குதுன்னு சொன்னேனுங்க.”

நான் திரும்பி, “ஷேக்கிங், சார்” என்றேன்.

அதுதான் சரிசெய்யப்பட்டிருக்கிறதே என்று துரை என் முத்திரையைக் காட்டினார். டிரைவரின் கவனக்குறைவு என்று முடிந்தது. துரை மோட்டார் பைத்தியம்; ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஜீப்பைத் தானே பிரித்துப் பூட்டுகிறவர். ப்ளே என்ற ஒற்றைச் சொல் அந்த அறையில் விழுந்திருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். காதர் பாயிடம் இருந்தது நல்ல ஆங்கிலம். நான் அதைத் தமிழாக்கி, தமிழிலிருந்து கெட்ட ஆங்கிலமாக்கினேன்.

இத்தனை காலம் எனக்கு இது தெரியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

வால்ட் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே பார்க்கலாம் என்றார். வண்டி தரையில் நிற்கட்டும், கைப்பிரேக் போட்டு எஞ்சினை ஓடவிடு. ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கட்டும். ஒருவர் கீழே படுத்து, எது அசையக் கூடாதோ அது அசைகிறதா என்று பார்க்கட்டும்.

கீழே படுத்துப் பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரிஞ்சுரும்.

5

செவ்வாய்க்கிழமை மதியம் மலர் சாப்பிட வந்தபோது, நான் முற்றத்தில் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வைத்திருந்தேன்.

“என்னப்பா இது?”

“நீ ஏறி உக்காந்து ஸ்டியரிங்கை அசை. நான் கீழ படுத்துப் பாக்கணும்.”

“எழுபத்தாறு வயசுல வண்டிக்குக் கீழயா? இடுப்புப் பிடிச்சுக்கிட்டா நான் மாட்டு டாக்டர், உங்களுக்கு ஊசி போட முடியாது.”

“மலர், ஒரு தடவை.”

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஏறினாள். நான் படுத்தேன். அட்டைக்கு அடியில் தரை சில்லென்று இருந்தது. முன்சக்கரங்களுக்கு நடுவே ஓடும் கம்பிகள் தெரிந்தன. வண்டியின் சட்டத்தையும் முன் அச்சையும் சேர்த்துக் குறுக்கே ஒரு தடித்த கம்பி போகிறது. அதன் வேலை, அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்வது. “அசை,” என்றேன். மேலே ஸ்டியரிங் அசைந்தது. சக்கரம் அசையவில்லை. அதற்கு முன் அந்தக் கம்பியின் முனையில் உள்ள மூட்டு லொடக்கென்று ஒரு பக்கம் போனது, லொடக்கென்று திரும்பி வந்தது.

லொடக்கு லொடக்கு. அவர் சொன்ன சொல்லே சத்தமாக வந்தது. எண்ண வேண்டும் என்று தோன்றவில்லை. கண்ணில் துருத் தூசி விழுந்து தண்ணீர் வந்தது. தூசி என்றே மலரிடம் சொன்னேன்.

“இருக்குது மலர். ரெண்டு வெரக்கடை.”

“வெரக்கடைன்னா?”

அந்தச் சொல் அவளுக்கு இல்லாமல் போனது எப்போது என்று தெரியவில்லை. கீழே இருந்தபடியே கையை வெளியே நீட்டி, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவள் இறங்கி வந்தாள்.

“நகருங்க. நான் பாக்கறேன். நீங்க மேல ஏறுங்க.”

என் வாழ்க்கையில் நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. லட்சக்கணக்கான கிலோமீட்டருக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டியதில்லை. ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்து, இடது பக்கம் இரண்டு விரற்கடை, வலது பக்கம் இரண்டு விரற்கடை. அந்த இடைவெளியில் ஸ்டியரிங் வெறும் சக்கரம்தான். வண்டிக்கும் அதற்கும் உறவே இல்லை. காதர் பாய் பதினோரு நாள் இதைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கி ஏறியிருக்கிறார்.

“அப்பா, போதும். நிறுத்துங்க.”

கீழிருந்து அவள் எழுந்து வர நேரமானது. முகம் வெளுத்திருந்தது.

“வியாழக்கிழமை போகாத,” என்றேன்.

“நூத்தி அறுபது மாட்டை எனக்காகத் தொழுவத்துல அடைச்சு வைக்கப் போறாங்கப்பா. சினை பாக்கணும். வரலைன்னு எப்படிச் சொல்றது?”

“வண்டியில ப்ளேன்னு சொல்லு.”

“அது நடுவுல நிக்காதுப்பா, இவ்வளவு நாள் ஓட்டியிருக்கேன்…”

“அவரும் அப்படித்தான் ஓட்டினாரு.”

“யாரு?”

 சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எழுபத்தாறு வயதில் மகளின் வண்டிச் சாவியைத் திருடுவது எனக்கே அவமானமாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து அவள் போனில் பேசுவது கேட்டது; அந்தப் பள்ளத்தாக்கிலேயே உள்ள இன்னொரு மருத்துவரை மாடு பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அந்த அவர் யாருன்னு சொல்லுங்க. அப்பறம் சாவியைக் கொடுங்க.”

சொன்னேன். வெள்ளை பேன்ட், அறுபத்திரண்டு பெட்டி, விசாரணை, எல்லாவற்றையும். அவள் சின்ன வயதில் பேக்டரி வாசலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாமா தினமும் சல்யூட் அடிப்பார். அது அவர்தான்.

“அவரா?” என்றாள். “எனக்கு கொய்யாப்பழம் குடுப்பாரே.”

 என்னை மன்னிக்கும்படியான ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு கிலோமீட்டர் ஊர்ந்து பட்டறைக்குப் போனோம். இந்த முறை படிவத்தை நானே கேட்டு வாங்கிப் பேனாவால் நிரப்பினேன். வால்ட் கழற்றிய பழைய கம்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மூட்டு ஆடிப்போன பல்லைப்போல் ஆடியது. ஸ்டியரிங்கோடு சேரும் இன்னொரு கம்பியின் முனையும் போயிருந்தது. முதலில் போட்ட டாம்பர் நோயைத் தீர்க்கவில்லை, மூடி வைத்திருந்தது என்றார். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். இந்த வண்டிக்கு முன்னால் அறுபது, பின்னால் எழுபது. டயரில் உள்ள எண்பது, அதற்குமேல் தாங்காது என்கிற எல்லை.

“நாலுலயும் எண்பது நிரப்பினது யாரு?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மலர் கூரையைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன்.

6

நேற்று வியாழக்கிழமை. விழுந்த பனியைச் சாலையிலிருந்து ஒதுக்கிவிட்டிருந்தார்கள். காலை ஏழு பத்துக்கு மலர் கிளம்பினாள். கணவாய் உச்சியில் ஒரு தங்குமிடம் உண்டு. அங்கிருந்து எட்டு ஐம்பதுக்குப் போன் செய்தாள்.

“அப்பா, சொன்ன பேச்சைக் கேக்குது. பாலத்துல புட்டி ஒண்ணுகூடச் சத்தம் போடல. ஒரு வெரல்ல ஓட்டலாம் போல இருக்கு.”

“ரெண்டு கையும் வச்சு ஓட்டு.”

“ப்ளே எவ்வளவுன்னு கேக்க மாட்டீங்களா?”

“எவ்வளவு?”

“அரை வெரக்கடைகூட இல்ல.”

மாலை நாலு இருபதுக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, வண்டி முற்றத்தில் வந்து நின்றது. அதுவரை நான் ஜன்னலுக்குப் போய்வந்தது பத்தொன்பது முறை. அடுத்த வியாழக்கிழமையும் போவேன். கம்பி புதியது, காற்று சரி, பனி டயர் மாட்டியாகிவிட்டது, ஆனாலும் போவேன். என் கவலைக்கு ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது.

காதர் பாய் காலமாகி ஒன்பது ஆண்டுகள். நான் இங்கே இருந்தேன். செய்தி இரண்டு மாதம் கழித்து வந்தது. எஸ்டேட் இரண்டு முறை கைமாறிவிட்டது. அந்தப் புகார்ப் புத்தகத்தை எடைக்குப் போட்டிருப்பார்கள், அல்லது பேக்டரி மச்சில் கரையான் தின்றிருக்கும். ஆனாலும் நான் ரைட்டர். தவறாகப் பதிந்ததைத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். அடித்தல் திருத்தலுக்குக் கையெழுத்து இல்லாவிட்டால் செல்லாது.

குன்னூரில் காதர் பாயின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், அல்லது படிக்கிறவர்கள் யாராவது அவர்களை அறிந்திருந்தால், இதை அவர்களிடம் கொடுங்கள்.

அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் உள்ள ‘ஷேக்கிங்’ என்ற சொல் தவறு. அதை அடித்துவிடவும். ‘ஸ்டியரிங்கில் ப்ளே, இரண்டு விரற்கடை’ என்று வாசிக்கவும். ‘சரிசெய்யப்பட்டது’ என்ற முத்திரையையும் அடித்துவிடவும்; சரிசெய்யப்படவில்லை. டிரைவர் காதர் உரிய நேரத்தில், சரியான சொல்லில், மூன்றடி தூரத்தில் நின்று சொன்னார். எழுதியவன் பிழை.